மறு: புதுச்சேரி விடுமுறையில் கடலும் அருங்காட்சியகமும்

வணக்கம். பெங்களூரிலிருந்து சனி முதல் திங்கள் வரை புதுச்சேரி செல்வதாகவும், தங்கள் தந்தையார் அருங்காட்சியகம் பார்க்க ஆசைப்பட, மகனோ கடலை விட்டு அசைய மறுப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

முக்கியமாக, அருங்காட்சியகம் பார்ப்பதைத் திங்களுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிறு காலை மகன் ஆசை தீரக் கடலில் ஆடட்டும். மணல் சுடத் தொடங்கியதும் பாரதி பூங்காவை ஒட்டிய அந்தக் கட்டடத்துக்குச் செல்லுங்கள்.

எல்லாக் கூடங்களையும் பார்த்தே தீர வேண்டும் என்று பையனை இழுக்க வேண்டாம்; பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களின் முன் நிதானமாக நின்றால் போதும். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, காலம் ஏற்கெனவே தெரிந்திருந்த ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் இத்தாலியில் செய்த சிவப்பு மட்கலங்களும் கிடைத்ததால், அவற்றோடு சேர்ந்து கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தையும் கணிக்க வழி பிறந்தது. தந்தையாருக்கு இது பிடிக்கும். மகனுக்குக் கண்ணாடி மணிகளைக் காட்டுங்கள்: கடுகைவிடச் சற்றே பெரியவை, ஆனாலும் ஒவ்வொன்றின் நடுவிலும் நூல் நுழையும் துளை உண்டு. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கிச் செய்தார்கள் என்று சொன்னால், அவன் குனிந்து பார்க்காமல் நகர மாட்டான் என்றே நம்புகிறேன்.

ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் இன்று இடிந்த சுவர்களும் மரங்களுமே உள்ளன; ஆகவே தந்தையார் விரும்பினால் மட்டும் செல்லுங்கள். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை என்பதால் அவர் அங்கே அச்சமின்றி நடக்கலாம்.