சைனிக் போர்டில் மனு தேங்கினால் யாரைக் கேட்பது?

கேள்வி: ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். சைனிக் போர்டு என்று நாங்கள் சொல்லும் எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எதற்குப் போனாலும் "ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதுங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஊரில் உள்ள முன்னாள் படைவீரர்கள் சேர்ந்து அந்த அலுவலகத்தின் செயல்பாடு பற்றி ஆட்சியரிடம் மனு கொடுக்கப் போகிறோம். அதில் எதையெல்லாம் எழுதலாம்?

பதில்: அவசியம் கொடுங்கள். அதற்கு முன், எது யார் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பென்ஷன் தொகை, ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கு எல்லாம் பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புக் கணக்குத் துறையின் பென்ஷன் அலுவலகத்தைச் சேர்ந்தவை. பணிப் பதிவேடு உங்கள் ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன். மருத்துவ அட்டையும் கேன்டீன் அட்டையும் பாதுகாப்பு அமைச்சகம், ராணுவம் வழியாக வருபவை. இவற்றில் ஏற்படும் தாமதத்தை மாநில அரசின் அலுவலகமான மாவட்ட சைனிக் போர்டின் மேல் போட்டால், "எங்கள் வரம்புக்குள் வராது" என்ற ஒரே வரியில் மனு முடித்துவைக்கப்படும்.

அவர்களிடம் நியாயமாகக் கேட்க வேண்டியவை வேறு. அடையாள அட்டை, வேலைவாய்ப்புப் பதிவு, மாநில அரசின் உதவித்தொகைகள், பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள மத்திய சைனிக் போர்டின் உதவிகளுக்கு வரும் விண்ணப்பங்களைச் சரிபார்த்துப் பரிந்துரைப்பது ஆகியவை முழுக்க முழுக்க அவர்கள் பொறுப்பு. பென்ஷன், பதிவேடு சிக்கல்களிலும் விண்ணப்பத்தை எழுத உதவி, தங்கள் பரிந்துரைக் கடிதத்தோடு ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்பி, பதில் வராவிட்டால் நினைவூட்டுவதும் அவர்கள் வேலைதான். வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிடுவதுதான் உங்கள் உண்மையான குறை. மனுவில் அதை முதலில் எழுதுங்கள்.

பொதுவாக "அலைக்கழிக்கிறார்கள்" என்று எழுதினால் பலன் இருக்காது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நான்கு தேதிகளைக் குறித்துக்கொண்டு போங்கள்: கொடுத்த நாள், ஒப்புகை பெற்ற நாள், மேலிடத்துக்கு அனுப்பப்பட்ட நாள், குறை சொல்லித் திருப்பிய நாள். இவற்றில் நான் அதிகம் பார்ப்பது கடைசித் தேதியைத்தான். முதல் முறை வங்கிப் புத்தக நகல் இல்லை என்றும், அடுத்த முறை புகைப்படம் சரியில்லை என்றும் தவணை முறையில் குறை சொல்வதில்தான் மாதங்கள் ஓடுகின்றன. எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

உங்கள் ஊர்க் கணக்கோடு மாவட்டக் கணக்கும் வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் தாமதம்?" என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடலாம். கடந்த நிதியாண்டில் கல்வி, திருமண உதவிக்கு வந்த விண்ணப்பங்கள் எத்தனை, பரிந்துரைத்தவை எத்தனை, திருப்பியவை எத்தனை, திருப்பிய கடிதங்களின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கென்றே சிறப்புக் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. மனுவை இரண்டு பிரதியாக, அடையாள அட்டை நகலோடு கொண்டுபோங்கள். அதிலும் நகரவில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் பதிவு செய்து, மனு எண்ணைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: பென்ஷன் ஆணையில் என் மனைவி பெயர் வள்ளியம்மாள். ஆதாரில் எம். வள்ளி. இப்போதே திருத்த வேண்டுமா?

பதில்: இப்போதே, நீங்கள் இருக்கும்போதே திருத்திவிடுங்கள். கணவர் காலமான பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு வரும் பெண்களை அதிகம் வதைப்பது இந்தப் பெயர் வேறுபாடுதான். நம் ஊரில் இனிஷியல் அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறும், வீட்டில் அழைக்கும் பெயரே ரேஷன் அட்டையில் ஏறும். கணினிக்கு அது வேறு ஆள்.

எந்த ஆவணம் தவறு என்று முதலில் பாருங்கள். டிஸ்சார்ஜ் புக் (பணி முடிந்து வெளிவரும்போது ராணுவம் தரும் புத்தகம்), பென்ஷன் ஆணை, பள்ளிச் சான்று மூன்றிலும் வள்ளியம்மாள் என்றே இருந்தால் ஆதாரைத் திருத்துவதே சுலபம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கொடுங்கள். ராணுவப் பதிவேட்டில்தான் தவறு என்றால் பிரமாணப் பத்திரம், அடையாளச் சான்றுகள், டிஸ்சார்ஜ் புக்கில் குடும்ப விவரம் உள்ள பக்கத்தின் நகல், பென்ஷன் ஆணை நகல் ஆகியவற்றைச் சைனிக் போர்டு வழியாக ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். பெயரே மாறினால் நாளிதழ் விளம்பரமும் கேட்பார்கள். பதிவேடு திருத்தியாயிற்று என்ற கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள். திருத்திய பென்ஷன் ஆணை வந்து, ஸ்பர்ஷில் உங்கள் பக்கத்தில் புதிய பெயர் தெரிய வேண்டும். பிள்ளைகளின் பிறந்த தேதியையும் அப்போதே சரிபாருங்கள்.

கேள்வி: பென்ஷன் இல்லாமல் வெளிவந்த சிப்பாய் என் தந்தை. வயது 70. உதவி உண்டா?

பதில்: உண்டு. ஹவில்தார் வரையிலான தரத்தில் இருந்து, பென்ஷன் இல்லாமல் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் மத்திய சைனிக் போர்டு வறுமை உதவி தருகிறது. மாதம் 4,000 ரூபாயாக இருந்தது, 2025 நவம்பர் முதல் வந்த விண்ணப்பங்களுக்கு 8,000 ஆனது. கல்வி உதவியும் அப்போது ஒரு பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ஆயிற்று. மகள் திருமண உதவி 50,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம். மத்திய சைனிக் போர்டின் இணையதளத்தில் விண்ணப்பித்து, அசல் ஆவணங்களோடு மாவட்ட அலுவலகத்தில் நேரில் காட்ட வேண்டும். கல்வி உதவி, படித்து முடித்துத் தேறிய வகுப்புக்கானது. இப்போது படிக்கும் வகுப்பின் சான்றிதழை ஏற்றிவிட்டு மதிப்பெண் பட்டியலை விட்டுவிட்டால் திரும்பி வரும்.

கேள்வி: மத்திய சைனிக் போர்டின் உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுத் தர ஒருவர் 5,000 ரூபாய் வாங்கினார். பணமும் வரவில்லை, பதிலும் இல்லை. மாவட்ட அலுவலகத்தின் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: அலுவலகத்தின் மேல் போக முடியாது. கட்டணமின்றித் தரும் சேவை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது. உதவித்தொகைக்கு நீங்கள் ஒரு பைசாவும் கட்டுவதில்லை. பணம் வாங்கிய ஆளின் கதை வேறு. காசு வாங்கிக்கொண்டு செய்து தருவதாகச் சொன்ன சேவை அது. ரசீதோ, செல்போன் வழிப் பணம் அனுப்பிய பதிவோ இருந்தால் அவர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம், இரண்டு ஆண்டுக்குள். விண்ணப்பம் போட்டதாகச் சொல்லி ஏமாற்றியிருந்தால் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுங்கள். அவரிடம் இணையதளக் கடவுச்சொல் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் வங்கிக் கணக்கு எண்தான் இருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். வேறு எண் இருந்தால் திரைநகல் எடுத்துக்கொண்டு நேரே உதவி இயக்குநரிடம் போங்கள்.