நரம்பாகச் சொன்னது யார்?

வணக்கம். தவளைக் கரு பற்றிய கட்டுரையில், ‘சும்மா விட்டால் தோல் செல்கூட நரம்பாகிவிடும்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி பிடிபடவில்லை. நரம்பை உண்டாக்கத்தானே மரபணு வேண்டும்? வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன்.
ஆர்., உயிரியல் ஆசிரியை

அன்புள்ள ஆர்.,

நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆய்வாளர்களே பல பத்தாண்டுகள் ‘நரம்பாகு’ என்ற கட்டளையைத்தான் தேடினார்கள்.

1924இல் ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பெமானும் மாணவி ஹில்டே மங்கோல்டும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தவளைக்குத் தூரத்து உறவான நியூட் என்ற பிராணியின் கருவிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, வேறொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அங்கே இன்னொரு மூளையும் தண்டுவடமும் முளைத்தன! துணுக்கு வெளிர் நிறம். ஒட்டிய கரு கருநிறம். புது நரம்பைப் பார்த்தால் பெரும்பாலும் கருநிறச் செல்கள். வயிற்றுத் தோலாகியிருக்க வேண்டியவை. (அதே ஆண்டு ஹில்டே ஒரு தீ விபத்தில் இறந்தார். ஸ்பெமானுக்கு 1935இல் நோபல் கிடைத்தது.)

சரி, துணுக்கு என்ன சொன்னது? தேடிப் பார்த்தால் செத்த திசுவும் அதைச் செய்தது, மெத்திலீன் ப்ளூ சாயமும் செய்தது! அப்படி ஒரு கட்டளையே இல்லையோ என்று அப்போதே சந்தேகப்பட்டிருக்கலாம்.

விடை ஆப்பிரிக்க நகத்தவளையிடம் கிடைத்தது. கருவின் மேல்மூடியை வெட்டிக் கால்சியம் இல்லாத கரைசலில் போட்டால் செல்கள் பூந்தியாக உதிரும். சில மணிநேரம் தனித்தனியாக வைத்திருந்தால் அவை நரம்பின் பக்கம் போகின்றன. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒட்டி இருக்கும்போது செல்கள் பிஎம்பி என்ற புரதத்தைச் சுரந்து, ‘தோலாகு, தோலாகு’ என்று ஒன்றையொன்று நச்சரித்துக்கொண்டிருக்கும். உதிர்ந்ததும் அது கரைசலில் கரைந்து போய்விடுகிறது.

ஸ்பெமானின் துணுக்கு செய்ததும் இதைத்தான். அதில் வேலை செய்யும் நாகின் மரபணு 1992இலும் கார்டின் 1994இலும் தெரியவந்தன. இவற்றின் புரதங்கள் செல்லுக்கு வெளியே பிஎம்பியைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. ஆக, மரபணு வேண்டும்தான். நச்சரிப்பவன் வாயைப் பொத்துவதற்கு! எஃப்ஜிஎஃப் என்ற இன்னொரு புரதத்துக்கும் பங்கு உண்டு. அதில் சண்டை இன்னும் ஓயவில்லை.

அப்புறம், வகுப்பில் இதையும் சொல்லலாம். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே பெரிய நகத்தவளை முட்டை முதல் 12 முறை பிளந்து சுமார் 4,000 செல் ஆகும்வரை கருவின் சொந்த மரபணுக்கள் பெரும்பாலும் தூக்கத்தில்தான். அம்மா முட்டையில் கட்டிக்கொடுத்த சோற்றிலேயே வண்டி ஓடுகிறது. முட்டையும் துளி பெருப்பதில்லை, துண்டுதான் படுகிறது.

நாகின் என்றால் ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘மண்டை’. அதை அதிகம் செலுத்திய கருவில் உடம்பு குறுகித் தலை பெருத்துவிடுமாம், அதனால் வந்த பெயர்.