ருமேனியாவின் மழலையர் ஆசிரியைகள்: கேளுங்கள், சொல்கிறேன்

என் மாமியார் ருமேனியாவின் யாஷ் நகரில் 38 வருடம் மழலையர் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அவரோடு ஒரே வீட்டில் இருப்பதால் காதில் விழுந்ததை வைத்துப் பதில் சொல்கிறேன். நான் பாடம் நடத்தியவள் இல்லை.

அக்கா, அது நம் ஊர் எல்கேஜி மாதிரியா?

பெயரே வேறு. 3 வயது வரை க்ரெஷா, அதாவது குழந்தைகள் காப்பகம். 3 முதல் 6 வரை கிரடினிட்சா. 'குட்டித் தோட்டம்' என்று அர்த்தம். சின்ன, நடு, பெரிய என்று மூன்று குழுக்கள். பெரிய குழு 2020 முதலும், நடுக்குழு 2023 முதலும் கட்டாயம். அரை நாள் பள்ளி 5 மணி நேரம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு 10 மணி நேரப் பள்ளி. மதியச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் அங்கேதான். அதனால் ஒரு குழுவுக்கு இரண்டு ஆசிரியைகள் முறை மாற்றி வருவார்கள். எழுதப் படிக்க வைக்கிற அவசரம் கிடையாது. அது 6 வயதில், பெரிய பள்ளியின் முதல் படியான ஆயத்த வகுப்பில் தொடங்கும்.

உங்கள் மாமியார் இந்த வேலைக்கு எப்படி வந்தார்?

14 வயதிலேயே. எட்டாம் வகுப்பு முடித்து ஆசிரியர் பயிற்சி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். நுழைவில் பாடிக் காட்ட வேண்டும். சுருதி தவறினால் இடமில்லை! படிப்பு முடிந்ததும் அரசு ஒரு கிராமத்தைக் காட்டி 'போ' என்றது. அந்தக் காலத்தில் வேலை உறுதி, ஊர் உங்கள் விருப்பம் இல்லை. பிறகு ஒவ்வொரு தகுதி நிலைக்கும் தேர்வு, வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்க்கும் ஆய்வாளர். இன்றும் அந்த ஏணி இருக்கிறது.

1989 வரை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் சௌசெஸ்கு காலத்தில் சின்னக் குழந்தைகளையும் கட்சி விடவில்லை என்கிறார்களே?

விடவில்லைதான். 1976-இல் 4 முதல் 7 வயது வரையுள்ளவர்களுக்காக 'தாய்நாட்டின் வல்லூறுகள்' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். ஆரஞ்சு சட்டை, சிவப்புக் கழுத்துத் துணி. தலைவரைப் புகழ்ந்து கவிதை சொல்ல வைப்பதும் ஆசிரியையின் வேலை. அதைப் பேசும்போது மாமியார் சிரிப்பார், அப்புறம் சட்டென்று அமைதியாகி விடுவார்.

ருமேனியா என்றாலே அனாதை இல்லங்கள்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கும் இவர்களுக்கும் தொடர்பு உண்டா?

இல்லை, அவை தனி நிறுவனங்கள். 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தார்கள். அந்த வருடம் சுமார் 2.7 லட்சமாக இருந்த பிறப்பு, மறு வருடம் 5.2 லட்சத்தைத் தாண்டியது. வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை அரசிடம் விட்டார்கள். ஒரு பணிப்பெண்ணுக்கு ஏகப்பட்ட தொட்டில்கள். பால் புட்டி வந்தது, தூக்கிக்கொள்ள யாரும் வரவில்லை. 1989-இல் அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் உலகம் பார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் தலைநகர் புகாரெஸ்டில் இந்த இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். 2 வயதுக்கு முன் வீடு கிடைத்தவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறினார்கள். 2004 சட்டம், கடுமையான ஊனம் உள்ளவர்கள் தவிர 2 வயதுக்குட்பட்டவர்களை இல்லத்தில் வைப்பதைத் தடுத்தது. 'மடியில் வைத்துக்கொள்வதும் பாடம்தான்' என்று மாமியார் எப்போதும் சொல்வார். எனக்கு அது அனுபவப் பேச்சாகத் தோன்றியது. ஆய்வைப் படித்த பிறகுதான் கனம் புரிந்தது.

சம்பளம்?

புலம்பல்தான். 2023 மே 22 முதல் ஜூன் 12 வரை நாடு முழுக்க ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதன் பிறகு உயர்வு கிடைத்தது.

தினசரி பெரிய தலைவலி எது?

பாட்டிகள். ருமேனியர்களுக்குக் 'குரென்ட்' என்றால் பயம்: இரண்டு ஜன்னல் திறந்து காற்று குறுக்கே ஓடினால் காது வலி, காய்ச்சல் எல்லாம் அதனால்தான் என்பார்கள். வகுப்பில் ஜன்னல் திறந்தால் சாயங்காலம் ஒரு பாட்டி வாசலில் நிற்பார். மே மாதம்கூட தொப்பி இல்லாத குழந்தையைப் பார்த்தால் அவர்களுக்குப் பொறுக்காது.

பழைய மாணவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்களா?

போன வாரம் சந்தையில் தாடி வைத்த ஒருவர் 'த்வாம்னா!' என்று கூப்பிட்டார். பிள்ளைகள் ஆசிரியையை அப்படித்தான் அழைப்பார்கள், 'அம்மணி' என்பது போல. மாமியார் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: 'இப்போதாவது சூப்பில் கேரட்டைச் சாப்பிடுகிறாயா?'