பயம் காட்டியாயிற்று, அப்புறம்? - வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, 21 நாளில் பழக்கம் உருவாகுமா என்பது பற்றியவை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் தருகிறேன். மாத்திரை அளவு கேட்டவர்கள் தங்கள் மருத்துவரிடம் போகட்டும். எந்தப் பழக்கம், எந்த நேரம் என்று எதுவும் எழுதாமல் "என்னை மாற்றுங்கள்" என்று அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு முறை: ஆளையே மாற்றும் வித்தை எங்கள் நடத்தை ஆய்வுத் துறையில் கிடையாது. ஒரு செயலை, அதுவும் ஒவ்வொன்றாக மாற்றுவது பற்றித்தான் ஆய்வுகள் இருக்கின்றன.

கே: எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, நிரூபணம் ஆனதா?

இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய சுயமுன்னேற்ற நூலில் இருந்து கிளம்பிய எண் அது. அறுவைக்குப் பிறகு புது முகம் மனதுக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது பிடிக்கிறது என்று, தான் பார்த்ததை எழுதினார். நடைப்பயிற்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் உண்மையிலேயே அளந்து பார்த்தார்கள். 96 பேர், ஆளுக்கு ஒரு சின்னச் செயல், 12 வாரம். 2009இல் வெளியான முடிவின்படி, யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகிறது. 18 நாளில் வந்தவரும் உண்டு. 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியவரும் உண்டு. அந்த 254, ஆய்வு முடிந்த நாளுக்கு அப்பால் வரைகோட்டை நீட்டிப் பார்த்த எண். இனி 66ஐச் சட்டம் போட்டு மாட்டாதீர்கள். இன்னொன்றும் அதே ஆய்வில் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை.

கே: எனக்குச் சுயக்கட்டுப்பாடு குறைவு. என்ன செய்யலாம்?

கடிதம் அவ்வளவுதான். எதில் குறைவு, எப்போது, யாரோடு இருக்கும்போது? ஒன்றும் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். சுயக்கட்டுப்பாடு பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கொள்கை 1998 முதல் பெரும் செல்வாக்கோடு இருந்தது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்துத் திரும்பச் செய்து பார்த்தபோது விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். சுயக்கட்டுப்பாடு மிக்கவர்கள் என்று நாம் நினைக்கிறவர்கள் பெரும்பாலும் ஆசையோடு மல்லுக்கட்டுவதே இல்லை. ஆசை எதிர்ப்படும் சந்தர்ப்பங்களையே குறைத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் சந்தர்ப்பம் எது என்று எழுதினால் மேலே பேசலாம்.

கே: கணவர் விடாமல் புகைக்கிறார். சிதைந்த நுரையீரல் படங்களைக் கைபேசியில் அனுப்பினேன். பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய் இன்னொன்றைப் பற்ற வைக்கிறார். இதைவிடக் கடுமையான படங்கள் எங்கே கிடைக்கும்?

எங்கேயும் தேட வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதிலேயே பதில் இருக்கிறது: படத்தைப் பார்த்தார், எழுந்து போனார். பயம் வந்தால் மனிதருக்கு இரண்டு வழி. ஆபத்தைச் சமாளிக்கலாம், அல்லது பயத்தை மட்டும் சமாளிக்கலாம். ஆபத்தைச் சமாளிக்கத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை இல்லாதவர் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வார், கிண்டல் செய்வார், "என் தாத்தா தொண்ணூறு வயது வரை புகைத்தார்" என்பார்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1953இல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற உளவியலாளர்கள் இருவரும் பள்ளி மாணவர்களுக்குப் பல் பராமரிப்பு பற்றி மூன்று விதமாக உரை நிகழ்த்தினார்கள். மிகவும் பயமுறுத்திய உரைதான் நடத்தையில் மிகக் குறைந்த மாற்றத்தைத் தந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படியே சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2015இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, சராசரியாகப் பார்த்தால் பயமூட்டும் செய்திக்கு ஓரளவு பலன் உண்டு என்கிறது. சரி, எதில் பலன்? மனப்பான்மையையும் 'செய்வேன்' என்ற எண்ணத்தையும் அளந்த ஆய்வுகளும் அந்தச் சராசரியில் சேர்ந்திருக்கின்றன. எப்போதும் சொல்வதுதான்: எதை அளந்தார்கள், எத்தனை மாதம் கழித்து அளந்தார்கள் என்று கேளுங்கள்.

எனக்குப் பிடித்த ஆய்வு 1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவெந்தால் குழு செய்தது. டெட்டனஸ் தடுப்பூசி பற்றி மாணவர்களுக்கு ஒரு கையேடு. சிலருக்குக் கொடூரமான படங்களோடு, சிலருக்குச் சாதுவாக. பயந்தவர்கள் "நிச்சயம் போட்டுக்கொள்வேன்" என்று கூடுதலாகச் சொன்னார்கள். போய்ப் போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம். இன்னொரு பகுதியினருக்குக் கையேட்டோடு வளாக வரைபடத்தில் மருத்துவ மையத்தைக் குறித்துக் கொடுத்து, உங்கள் வார அட்டவணையில் எந்த நேரம் தோது, எந்த வழியாகப் போவீர்கள் என்று யோசிக்கச் சொன்னார்கள். அவர்களில் 28 சதவீதம் போனார்கள். படிக்கிறவர்கள் இறுதியாண்டு மாணவர்கள். மையம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன? கையேட்டில் பயம் கூடவா குறையவா என்பது போனவர் எண்ணிக்கையில் வித்தியாசம் காட்டவில்லை. கையேடே இல்லாமல் வரைபடம் மட்டும் பெற்றவர்கள் யாரும் போகவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே காரணம் தெரிய வேண்டும்தான். உங்கள் கணவருக்குக் காரணம் தெரியும். அது சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது.

அறுபது வருடமாக இது கையில் இருக்க, இன்றும் விழிப்புணர்வுப் பிரசாரத்துக்கு எந்த நிறுவனம் கூப்பிட்டாலும் முதல் வேண்டுகோள், "சார், பார்த்ததும் அதிர வேண்டும்." அதிர்ந்தவர் நாளை காலை எங்கே போவார், யாரிடம் பேசுவார், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்டால், அது வேறு துறையின் வேலை என்று பதில் வரும். ஒரு கூட்டத்தில், படத்தின் அடியில் உதவி எண்ணைப் பெரிதாக அச்சிடலாமே என்றேன். வடிவமைப்பு கெட்டுவிடும் என்றார்கள். மக்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று அடுத்த வருடம் அதே மேடையில் அவர்களே வருத்தப்படுவார்கள். அறிவு ஏறினால் நடத்தை மாறிவிடும் என்றால் மருத்துவர்கள் யாரும் புகைக்கக் கூடாதே. உங்கள் மரபணுவில் இந்த நோய்க்கான அபாயம் அதிகம் என்று ஆள் ஆளாகச் சொல்லிப் பார்த்த ஆய்வுகளையும் 2016இல் தொகுத்தார்கள். அந்தத் தகவலால் நடத்தை மாறியதற்கு நம்பகமான அடையாளம் தெரியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். படம் அனுப்புவதை நிறுத்துங்கள். நீங்கள் வாதாட வாதாட அவர் எதிர்வாதத்தைத் தேடுவார். குடிநோயாளிகளோடு பழகிய உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் இதைக் கவனித்துத்தான் ஊக்கமூட்டும் நேர்காணல் என்ற முறையை முன்வைத்தார். கேள்வி கேளுங்கள்: இதில் உங்களுக்கே பிடிக்காதது எது? எந்த நேரத்துச் சிகரெட்டை விடுவது கஷ்டம்? காரணம் அவர் வாயிலிருந்து வரட்டும். விட வேண்டும் என்று அவர் சொன்னால், அன்றே மருத்துவரிடம் நாள் குறியுங்கள். ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். பிரிட்டனில் 5,800 பேரிடம் நடந்த ஆய்வில், விட முயன்றவர்களுக்குத் தொடர்ந்து குறுஞ்செய்தி அனுப்பி உதவினார்கள். ஆறு மாதம் கழித்து எச்சில் பரிசோதனையோடு பார்த்தபோது இந்தக் குழுவில் சுமார் 11 சதவீதம், மற்றதில் 5 சதவீதம் புகைக்காமல் இருந்தார்கள். இந்தத் துறையில் நல்ல வெற்றி என்றால் இப்படித்தான் இருக்கும். அவர் முதல் முயற்சியில் தோற்றால் திட்டாதீர்கள்.

கே: சின்னத் தட்டில் சாப்பிட்டால் தானாக அளவு குறையுமாமே?

இந்தக் கருத்தைப் பிரபலமாக்கிய பிரையன் வான்சிங்க்கின் ஆய்வுக் கட்டுரைகள் பத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. அவர் ஆய்வு நெறியை மீறினார் என்று அவர் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகமே 2018இல் அறிவித்தது. தட்டை மாற்றுவதால் கெடுதல் இல்லை. அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கே: நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர். தடுப்பூசி அழைப்புக் கடிதத்தில் தேதியும் நேரமும் எழுதிக்கொள்ள இடம் விட்டால் பலன் இருக்குமா?

இருக்கும், கொஞ்சம். அமெரிக்காவில் ஒரு நிறுவன ஊழியர்களிடம் கேத்தி மில்க்மன் குழு இதையேதான் செய்தது. சாதாரண அழைப்புக்குச் சுமார் 33 சதவீதம் வந்தார்கள்; நாளும் நேரமும் எழுதச் சொன்ன அழைப்புக்கு 37 சதவீதம். நாலு சதவீதம்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். செலவு ஒரு வரி மை.

பீட்டர் கோல்விட்சர் முன்வைத்த 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற திட்டமிடல்தான் இது. 2002இல் மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், வாரத்தில் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள் திட்டமிடாத ஒப்பீட்டுக் குழுவில் 38 சதவீதம், திட்டமிட்ட குழுவில் 91. மேடையில் எல்லோரும் சொல்வது இந்த 91ஐ. மாணவர்கள், ஒரு வாரம், அவர்களே சொன்ன கணக்கு என்பதைச் சொல்ல மாட்டார்கள். எத்தனை மாதம் கழித்து அளந்தார்கள் என்று கேளுங்கள்.

கே: தினம் பத்தாயிரம் அடி எடுத்து வைத்து நடப்பது கட்டாயமா?

1960களில் ஜப்பானில் விற்ற ஒரு அடிமானியின், அதாவது நடக்கும் அடிகளை எண்ணும் கருவியின் பெயர் அது, 'பத்தாயிரம் அடி மீட்டர்'. மருத்துவ எல்லைக்கோடு அல்ல. சராசரி 72 வயதுள்ள பெண்களிடம் நடந்த 2019 ஆய்வில், 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் குறைவு. 7,500க்கு மேல் வித்தியாசம் தெரியவில்லை. இப்போது நடப்பதைவிடக் கூட நடங்கள்.

கே: முதுகலை ஆய்வேட்டுக்கு உடல்நல நடத்தைக் கோட்பாடுகள் அனைத்தையும் விளக்கி, கேள்வித்தாளோடு அனுப்பவும். அவசரம்.

அனுப்ப மாட்டேன். நூலகம் எதற்கு இருக்கிறது? ஒரே ஒரு எச்சரிக்கை. எண்ணத்தை வைத்து நடத்தையைக் கணிக்கும் ஐசென்னின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை எடுத்து, 'செய்ய எண்ணமா' என்றும் 'செய்கிறீர்களா' என்றும் ஒரே தாளில் ஒரே நாளில் கேட்டு, இரண்டும் ஒத்துப்போகிறது என்று முடிக்கும் ஆய்வேடுகள் ஏற்கெனவே மலை போல் கிடக்கின்றன. எண்ணத்தை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்த 47 சோதனைகளை வெப், ஷீரன் இருவரும் 2006இல் தொகுத்தார்கள். எண்ணம் நன்றாக நகர்ந்த இடத்தில் நடத்தை அதில் ஏறக்குறைய பாதிதான் நகர்ந்தது. உங்கள் ஆய்வு அந்த மீதிப் பாதியைப் பற்றியதாக இருக்கட்டும். மூன்று மாதம் கழித்து ஒரு தடவையாவது திரும்பப் போய் அளங்கள்.

கே: பணம் கொடுத்தால் ஆட்கள் புகையை விடுவார்களா? எங்கள் அலுவலகத்தில் யோசிக்கிறோம்.

சிலர் விடுவார்கள். அமெரிக்காவில் சுமார் 880 ஊழியர்களில் பாதிப் பேருக்கு 750 டாலர் வரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. ஓராண்டு வாக்கில் 15 சதவீதம், பணம் பெறாதவர்களில் 5. பணம் நின்று ஆறு மாதம் ஆன பிறகு 9, 4 என்று இரண்டும் இறங்கின. அப்போதும் இரண்டு மடங்குக்கு மேல். ஊழியர் தன் பணத்தை முன்பணமாகக் கட்டி, தோற்றால் இழக்கும் திட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2015 ஆய்வில் அப்படிச் சொன்னபோது 14 சதவீதம் பேர்தான் சேரவே ஒப்புக்கொண்டார்கள். பரிசுத் திட்டத்துக்கு 90 சதவீதம்.

கே: நாலு மாதம் ஒழுங்காக உடற்பயிற்சிக் கூடம் போனேன். காய்ச்சலில் இரண்டு வாரம் விட்டது. இப்போது போக வெட்கமாக இருக்கிறது. எல்லாம் வீண்தானே?

வீண் இல்லை. ஒரு தடவை வழுக்கியதும் 'நான் இப்படித்தான்' என்று முடிவு கட்டி மொத்தத்தையும் கைவிடுவதை ஆலன் மார்லட் போதைப் பழக்க ஆய்வுகளில் விளக்கினார். வழுக்கலைவிட அந்த முடிவுதான் அதிகச் சேதம் செய்கிறது. 2021இல் வெளியான ஒரு மாபெரும் ஆய்வில் 61,000 உடற்பயிற்சிக் கூட உறுப்பினர்களிடம் 54 விதத் திட்டங்களைச் சோதித்தார்கள். முன்னணியில் வந்தது எது தெரியுமா? தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால் சில சென்ட் கூடுதல் வெகுமதி. நான்கு வாரத் திட்டம் முடிந்த பிறகும் பலன் நீடித்தது 54இல் நாலைந்துக்குத்தான் என்பதையும் மறைக்கக் கூடாது. எத்தனை மாதம் கழித்து என்று நான் ஏன் நச்சரிக்கிறேன் என்று இப்போது புரியும். மூன்று பக்கக் கடிதத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. அதை எழுதுங்கள், எனக்கு அனுப்ப வேண்டாம்.

கே: ரத்த அழுத்த மாத்திரை அடிக்கடி மறந்துபோகிறது. ஞாபக சக்திக்கு ஏதாவது?

ஞாபக சக்தியை விடுங்கள். நீண்டகால மருந்துகளை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். பல் துலக்கியதும் என்றால் பிரஷ் பக்கத்திலேயே பெட்டி. கிழமை அச்சிட்ட பெட்டியாக இருந்தால், போட்டோமா இல்லையா என்ற சந்தேகமும் இராது. விட்டுப்போன நாளுக்கு ஈடாக இரண்டாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது, என்ன செய்வது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு அந்தப் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள்.