பெங்களூர்த் தமிழர்களைப் படமெடுக்க யார் பணம் தருவார்கள்?

தம்பி, கேள்வியைப் படித்தேன். வேலைக்காக பெங்களூர் வந்து சில மாதம்தான் ஆகிறது, சனி ஞாயிறு கேமராவோடு அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் சுற்றுகிறீர்கள், இங்குள்ள தமிழர்களின் வரலாற்றையும் அடையாளத்தையும் படமாக்க ஆசை. அதற்கு யாராவது பணம் தருவார்களா, கன்னடம் தெரியாமல் இங்கிலீஷும் சுமாராக இருக்கிற ஆளை மதிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தருவார்கள். ஆனால் ‘பெங்களூர்த் தமிழர் வாழ்க்கை’ என்று தலைப்பு வைத்துக் கேட்டால் தரமாட்டார்கள். என்னைக் கேட்டால் அதற்குத் தரவும் கூடாது.

ஏனென்றால் எந்தத் தமிழர்? நான் வேலூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள், என் பிள்ளைகள் கன்னடத்தில்தான் சண்டை போடுகிறார்கள். எங்கள் வீட்டுக் கதைக்கும் 1809-இல் வெள்ளைக்காரன் கன்டோன்மென்ட் போட்டபோது பட்டாளத்தின் பின்னாலேயே வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கதைக்கும் சம்பந்தமே கிடையாது. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் என்று ஒருவர், இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய கான்டிராக்டர், பள்ளிக்கூடம் நடத்தியவர். அவரும் தமிழர். அந்தக் கட்டடத்துக்குக் கல் சுமந்தவர்களிலும் தமிழர்கள் இருந்திருப்பார்கள். இரண்டு பேரையும் ஒரே ஆல்பத்தில் ஒட்டி ‘நம் சமூகம்’ என்று சொல்லும்போது யாருடைய கதை காணாமல் போகிறது என்று யோசியுங்கள். பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற மானியக் குழுவில் இருப்பவர்கள் முதலில் கேட்கிற கேள்வியும் இதுதான்.

திகளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கரகத் திருவிழாவை நடத்துகிறவர்கள், தோட்டக்கார சமூகம், பல தலைமுறைக்கு முன் தமிழ்ப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அவர்களிடம் போய் “நீங்க தமிழர்தானே” என்று ஆரம்பித்தால் சிலர் சிரிப்பார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள், இரண்டுமே நியாயம். 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீர்ச் சண்டையில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்த ஊர் இது. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அந்தக் காலத்தில் பெயர்ப்பலகையை மாற்றியவர்கள், பிள்ளைகளைத் தெருவில் தமிழ் பேசாதே என்று அடக்கியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் தேடுகிற ‘அடையாளம்’ அங்கேதான் இருக்கிறது, பொங்கல் பானையைச் சுற்றி நின்று எடுக்கிற படத்தில் இல்லை.

அதனால் ஒரு தெரு, ஒரு மில் குடியிருப்பு, ஒரு மாதா கோவில் பங்கு, இப்படி ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். பிடித்த பிறகு அதைத் தமிழர் வரலாறு என்று எழுதாமல் இந்த நகரத்தின் வரலாறாக எழுதுங்கள். பயந்து ஒளிந்துகொள்வதற்காகச் சொல்லவில்லை. கன்டோன்மென்ட் 1949 வரை தனி நிர்வாகத்தில் இருந்த பகுதி, அங்கே குடியேறிய தமிழர்கள் இல்லாமல் பெங்களூர் வரலாறே எழுத முடியாது. அதைப் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரும் படிக்கிற மாதிரி எழுதினால் பணம் கிடைக்கிற வாய்ப்பும் கூடும், அந்தத் தெருவில் கதவும் திறக்கும்.

சரி, யார் தருகிறார்கள். முதலில் போக வேண்டியது ஐ.எஃப்.ஏ., அதாவது இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் என்கிற, கலை வேலைகளுக்கு மானியம் தரும் அமைப்பு. 1993-இல் ஆரம்பித்தது, அலுவலகம் இதே ஊரில். அவர்களிடம் ‘புராஜெக்ட் 560’ என்று ஒரு திட்டம் உண்டு. 560 என்பது பெங்களூர் பின்கோடின் முதல் மூன்று எண். ஊரின் பேட்டைகளையும் இடங்களையும் பற்றிய வேலைக்கென்றே வைத்தது. விண்ணப்பத்தை இந்திய மொழி எதிலும் எழுதலாம், ஆகவே உங்கள் இங்கிலீஷ் பயத்தை இங்கேயே விட்டுவிடுங்கள். நல்ல தமிழில் தெளிவாக எழுதிய நாலு பக்கம், யாரோ காசு வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுத்த இங்கிலீஷைவிட எவ்வளவோ மேல். அறிவிப்பும் கடைசித் தேதியும் மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கோலார் தங்கவயலுக்குப் போகும் எண்ணமும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்தப் பின்கோடு 563, புராஜெக்ட் 560-க்குள் வராது, ஐ.எஃப்.ஏ.வின் ஆராய்ச்சி மானியத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே விஷயம் ஆழமானது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் சுரங்க வாயின் மேல் பாழடைந்து நிற்கிற இரும்புக் கோபுரத்தைப் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் அங்குள்ள சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் லைன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வேர்விட்டு வளர்ந்ததை யார் எடுத்தார்கள்? அந்த லைன் வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன, சுவரில் மாட்டிய படங்களோடு.

பெங்களூருக்கு வெளியே பார்த்தால், டெல்லியில் அல்காசி ஃபவுண்டேஷன் போட்டோபுக்குக்கென்று, அதாவது புகைப்படங்களாலான புத்தகத்துக்கென்று, மானியம் கொடுத்திருக்கிறது. பரி என்கிற கிராமப்புற இந்தியாவின் மக்கள் ஆவணக் களஞ்சியம், பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் தொடங்கியது, எளிய மக்களின் வேலையையும் வாழ்க்கையையும் படமெடுப்பவர்களுக்கு இடம் தருகிறது. மதுரைக்காரர் எம். பழனிகுமார் தூய்மைப் பணியாளர்களை வருடக்கணக்காக எடுத்தவர், 2022-இல் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரிலான தயானிதா சிங் – பரி விருது முதன்முதலில் அவருக்குத்தான் போனது. அவர் படங்களை ஒருதரம் உட்கார்ந்து பாருங்கள். விருது அப்புறம். அந்த மக்களோடு எத்தனை காலம் இருந்தால் அப்படி ஒரு முகம் கேமராவைப் பார்க்கும் என்பது புரியும்.

இன்னொரு வழி பலருக்குத் தோன்றுவதில்லை. புதுப் படத்துக்குப் பதிலாகப் பழைய படத்துக்குப் பணம் கேட்பது. பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்கள் திட்டத்தில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வழியாகப் பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டல் ஆக்கினார்கள். இந்த மாதிரிப் பணம் தனி ஆளுக்கு வராது, ஒரு நிறுவனத்தோடு சேர வேண்டும். ஆனால் சிவாஜிநகர் பக்கம் மூடும் நிலையில் இருக்கிற ஸ்டுடியோக்களையும், வீடுகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கிற கல்யாண ஆல்பங்களையும் பார்த்தால் இதுதான் அவசரமான வேலை என்று தோன்றுகிறது. நீங்கள் எடுக்கப்போகும் படத்தை அடுத்த வருடமும் எடுக்கலாம்.

பட்ஜெட்டைப் பற்றிக் கறாராகச் சொல்கிறேன். கேமரா, லென்ஸ் வாங்க இந்த மாதிரி மானியங்களில் பெரும்பாலும் இடமில்லை, கையில் இருப்பதை வைத்தே செய்யுங்கள். பணம் தவணையாகத்தான் வரும், அறிக்கை கொடுத்தால்தான் அடுத்த தவணை. எடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிரின்ட் போட்டுக் கொடுக்கும் செலவு, ஸ்கேனர் வாடகை, கன்னடத்தில் பேச ஒரு ஆளுக்குச் சம்பளம், உங்கள் கைக்கு ஒரு தொகை, இதையெல்லாம் வெட்கப்படாமல் எழுதுங்கள். தனக்குச் சம்பளம் எழுதாத பட்ஜெட்டைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வராது. அந்த ஆள் பாதியில் விட்டுவிடுவார். ஆல்பத்தை ஸ்கேன் செய்ய வாங்கினால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், ஒரு பிரதி அவர்களிடமே இருக்கட்டும். முன்பு யாரோ படிப்புக்கென்று வாங்கிப்போய்த் திருப்பித் தராத வீடுகள் எனக்கே சில தெரியும், அங்கே அடுத்து போகிறவருக்குத் திட்டுதான் கிடைக்கும்.

நியூயார்க் மேக்னம் ஃபவுண்டேஷன் மாதிரி வெளிநாட்டு இடங்களுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆனால் பணம் வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், 2010-ஆம் வருடத்து வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வருகிறதா என்று. அதைவிட அவசரம் உங்கள் ஆபீஸ் ஒப்பந்தம். ஐ.டி. கம்பெனிகளில் வெளி வருமானத்துக்கு முன் அனுமதி கேட்கிற நிபந்தனை சாதாரணம். எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, அப்புறம் விண்ணப்பத்தை எழுத உட்காருங்கள். எழுதியதும் அனுப்புங்கள், படித்துப் பார்த்து எங்கே வெட்டலாம் என்று சொல்கிறேன்.