முதலில் ஒரு விலை, முடிவில் ஒரு விலை

கேள்வி: ஆப்பில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, பணம் கட்டப் போகும்போது பிளாட்ஃபார்ம் கட்டணம், பேக்கிங் கட்டணம் என்று ஏற்றிவிடுகிறார்கள். அரசு இதை ஒரேயடியாகத் தடை செய்தால் என்ன?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தடை ஏற்கெனவே இருக்கிறது. யாரும் பயப்படுவதில்லை, அவ்வளவுதான். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத்தின் 13 தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுக் கூடாது என்றது. முழு விலையை முதலில் சொல்லாமல் சிறுகச் சிறுக ஏற்றுவது அதில் ஒன்று. நாம் கேட்காத பொருளையோ நன்கொடையையோ நைசாகக் கூடையில் சேர்ப்பது இன்னொன்று. அதே 2023இல்தான் உணவு ஆப்கள் 2 ரூபாயில் பிளாட்ஃபார்ம் கட்டணத்தைத் தொடங்கின. இப்போது அது பத்தைத் தாண்டிவிட்டது. முன்பு கடைக்காரர் நமக்குக் கொசுறு போடுவார்; இப்போது நாம் அவருக்குப் போடுகிறோம்.

ஓட்டல் சர்வீஸ் சார்ஜ் கதையும் இதேதான். பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று அதே ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் நீதிமன்றம் போய், அந்த மாதமே இடைக்காலத் தடை வாங்கின. ஆணையம் சொன்னதே சரி என்று டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2025 மார்ச் ஆகிவிட்டது. அதுவரை எத்தனை பில்கள்! 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 100. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் என்றால், அது 1,000க்கு இல்லை, 1,100க்கு. ஆக, நாம் மனமுவந்து கொடுக்காத டிப்ஸுக்கு வரியும் நாமே கட்டியிருக்கிறோம்.

கட்டணமே வாங்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். செலவு இருந்தால் வாங்கட்டும். ஆனால் முதலில் காட்டும் விலையிலேயே அது இருக்க வேண்டும். ‘தூரத்தைப் பொறுத்து மாறும், முன்கூட்டியே எப்படிச் சொல்வது?’ என்பார்கள். நம் வீடு எங்கே என்று தெரிந்துகொண்ட பிறகுதானே ஆப் கடைகளையே காட்டுகிறது? இதைச் சந்தையின் போக்கில் விடவும் முடியாது. 250 என்று நேர்மையாகப் போடுகிறவரை விட்டு, 220 என்று போட்டு 260 வாங்குகிறவரிடம்தான் கூட்டம் போகும். அமெரிக்காவிலேயே 2025 மே மாதம் முதல் கச்சேரி டிக்கெட்டுக்கும் ஓட்டல் அறைக்கும் கட்டாயக் கட்டணங்கள் சேர்ந்த மொத்த விலையைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

நம் அரசு ஏன் இவர்கள் காதைத் திருகவில்லை? ரயில் டிக்கெட்டை அரசு நிறுவனமான ஐ.ஆர்.சி.டி.சி.யில் எடுத்துப் பாருங்கள். ரயில் பட்டியலில் ஒரு கட்டணம். கடைசித் திரையில் ‘வசதிக் கட்டணம்’ வந்து நிற்கும். ஏ.சி. வகுப்புக்கு 30 ரூபாய், மற்றவற்றுக்கு 15, மேலே ஜி.எஸ்.டி. (யு.பி.ஐ. என்றால் கொஞ்சம் சலுகை). பணமதிப்பிழப்பு சமயத்தில் ரத்து செய்ததை 2019இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2021 அக்டோபரில் ரயில்வே அதில் பாதியைத் தனக்குக் கேட்டது. பங்குச் சந்தையில் ஐ.ஆர்.சி.டி.சி.யின் பங்கு விலை சரிந்ததும் மறுநாளே வாபஸ் வாங்கியது. முதலீட்டாளர் வயிற்றெரிச்சலுக்கு ஒரே நாளில் மருந்து கிடைத்தது. பயணி இன்னும் அந்த 15 ரூபாயைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.