மூன்று எரர் கோடு (code) வந்தா மூன்று சென்சார் போச்சுன்னு அர்த்தமில்லை

அண்ணே, இன்ஜினைப் பிரிச்சுச் சேர்த்த 2008 பெட்ரோல் வண்டி, ஸ்கேனர்ல (வண்டியோட கோளாறைப் படிக்கிற கருவி) பி0113, பி0340, பி0171னு மூணு எரர் கோடு வருது, மூணு சென்சாரையும் மாத்தச் சொல்றாங்கன்னு கேட்டிருந்தீங்க. இப்போதைக்குக் காசை எடுக்காதீங்க.

ஸ்கேனர்ல லைவ் டேட்டாவை (சென்சாருங்க இப்போ காட்டுற அளவு) திறந்து, உள்ளே போற காத்தோட வெப்பநிலையைப் பாருங்க. காரைக்குடி வெயில்ல -40 டிகிரி காட்டுச்சுன்னா எங்கேயோ இணைப்பு விட்டிருக்கு, இன்ஜினைப் பிரிச்ச வண்டியில பெரும்பாலும் அந்தச் சென்சாரோட சாக்கெட்டே மாட்டாம தொங்கும். பி0113 அந்த இணைப்பு விட்டதைத்தான் சொல்லுது. நான் தேவகோட்டையில ஒரு வண்டியில பார்த்தப்போ, ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாடி எண்ணெய்ப் பிசுக்கோட கிடந்துச்சு.

பி0340 கேம் சென்சார் (வால்வைத் திறக்குற கேம்ஷாஃப்ட் எந்த நிலையில இருக்குன்னு சொல்றது) சிக்னல் கோளாறு. சாக்கெட், ஒயர் கடிபட்ட இடம், இன்ஜின்ல இருந்து பாடிக்குப் போற எர்த் ஒயர், இந்த மூணையும் பாருங்க. எர்த் போல்ட்டைப் பெயிண்ட் மேலயே முறுக்கி வச்சிருப்பாங்க, சுரண்டிட்டு மாட்டுங்க.

பி0171 தான் கொஞ்சம் வில்லங்கம். பெட்ரோல் குறைச்சல்னு அர்த்தம், ஆனா புகைக்குழாய் கேஸ்கட் லீக்கானாலும் இதே கோடு வரும். வெளிக்காத்து உள்ளே இழுபட்டு, புகையில இருக்கிற ஆக்சிஜனை அளக்குற ஆக்சிஜன் சென்சாரை ஏமாத்திடும். காலையில குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின்ல இருந்து புகை வெளியேறுற மேனிஃபோல்டு பக்கம் காதை வைங்க. 'டிக் டிக்'னு சத்தம், ஓரத்துல கரி படிஞ்சிருந்தா அதுதான். சத்தமில்லைன்னா வேக்குவம் குழாய், அப்புறம் பெட்ரோல் பிரஷர்.

எல்லாம் முடிச்சுட்டு ஸ்கேனர்ல எரர் கோடை அழிங்க. பி0171 ரெண்டு ஓட்டத்துக்கு அப்புறம்தான் பெரும்பாலும் டேஷ்போர்டுல இன்ஜின் லைட்டைப் போடும், அதனால அடுத்த நாளும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு எது திரும்ப வருதுன்னு எழுதுங்க.